டிவி மேல் பழி போடாதீர்கள்

போன வாரம் ரேஸ் கோர்ஸில் காலை நடை முடித்துவிட்டு வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ பழைய தியேட்டர்கள் பக்கம் திரும்பியது. எங்களில் மூத்தவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "டிவி வந்ததுக்கப்புறந்தானுங்க தியேட்டரெல்லாம் படுத்துப்போச்சு. இதுல என்னங்க சந்தேகம்?" எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. "ஏனுங்க, நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டீங்கறீங்க?" என்று கேட்டார். அங்கே ஆரம்பித்திருந்தால் டிபன் நேரம் தாண்டியிருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர் தியேட்டர்களைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது வேறொரு ஊர். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும், 1971-லிருந்து 1984 வரை பிரேசில் நாட்டு சாவோ பாவுலோவில் ஒரு நூற்பாலையில் மெஷின் பராமரிப்பு வேலையில் இருந்தேன். ஆலைகள் நிறைந்த பிராஸ் என்ற பேட்டையில், ஒரு இத்தாலிய வம்சத்து விதவை அம்மாவின் வீட்டில் அறையும் சாப்பாடுமாகத் தங்கியிருந்தேன். சைவச் சாப்பாட்டுக்கு அந்த அம்மாவை நான் படுத்திய பாட்டை முன்பே எழுதிவிட்டேன், விட்டுவிடுவோம். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு டிவி இருந்தது. ஊரில் பெரிய பெரிய தியேட்டர்கள் இருந்தன. பதின்மூன்று வருஷம் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன், தியேட்டரைக் கொன்றது டிவி அல்ல.

முதலில் வருஷக் கணக்கைப் பாருங்கள். சாவோ பாவுலோவில் டிவி வந்தது 1950 செப்டம்பர் 18. பத்திரிகை முதலாளி அசிஸ் ஷதோப்ரியான் தொடங்கிய துப்பி சேனல்தான் தென் அமெரிக்காவிலேயே முதல் டிவி நிலையம். அன்றைக்கு ஊரில் இருந்த டிவிப் பெட்டிகள் சில நூறுதான். டிவிதான் எமன் என்றால் அதற்குப் பிறகு யாரும் புதிய தியேட்டர் கட்டியிருக்கக் கூடாது அல்லவா? நடந்தது நேர்மாறு. அடுத்த வருஷமே, 1951-ல், மரோக்கோஸ் என்ற தியேட்டர் அரண்மனை மாதிரி திறந்தது. 1954-ல் நகரத்தின் நானூறாவது ஆண்டுக்கு சர்வதேசத் திரைப்பட விழா நடந்ததும் அங்கேதான். 1953-ல் ஜப்பானியர் பேட்டையான லிபெர்டாடேயில் ஜப்பானியப் படங்களுக்கென்றே நிதெரோய் என்று 1,500 இருக்கைகளோடு ஒரு தியேட்டர் வந்தது. அதைப் பார்த்து அதே பேட்டையில் இன்னும் மூன்று முளைத்தன. 1959-ல் கொமோடோரோ, சினிராமா திரையோடு. டிவி வந்து இருபது வருஷம் கழித்து நான் போய் இறங்கியபோதும் சாவோ ஜோவாவோ சாலையில் சனிக்கிழமை ராத்திரி நடக்க இடம் கிடையாது. ஆர்ட் பலாசியோ, மெட்ரோ, இபிரங்கா, மராபா என்று கூப்பிடு தூரத்தில் வரிசையாக வெளிச்சம். ஒவ்வொன்றின் வாசலிலும் கியூ, சோளப்பொரி வண்டி, லாட்டரிச் சீட்டு விற்பவன்.

எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "நீ ரொம்ப லேட்டா வந்துட்டே மகனே" என்பார். அவர் இளமையில் ஊர் நடுவிலிருந்த தியேட்டர்களுக்கு ஆண்கள் கோட்டும் டையும் இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்களாம். பிராஸிலேயே உனிவெர்சோ என்ற தியேட்டர், 1939-ல் ரீனோ லெவி என்ற கட்டிடக் கலைஞர் கட்டியது, நாலாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். புழுக்கமான ராத்திரிகளில் அதன் கூரையின் ஒரு பகுதியை நகர்த்தித் திறந்துவிடுவார்களாம். பாதிப் படத்தில் அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் தெரியும் என்று சொல்லிவிட்டு, கரண்டியோடு கையை மேலே காட்டுவார். ஆலைத் தொழிலாளிகள் பேட்டையில் நாலாயிரம் இருக்கை! கோட்டு வாங்க வக்கில்லாதவனுக்கும் அங்கே இடம் இருந்தது.

இரண்டாவது விஷயம், அந்த ஊரில் டிவி எப்படிப் பார்க்கப்பட்டது என்பது. இதைச் சொன்னால்தான் என் வாதம் உங்களுக்குப் பிடிபடும்.

எங்கள் கூடத்து டிவி கறுப்பு வெள்ளை. மரப்பெட்டி, மேலே பின்னல் விரிப்பு, அதன் மேல் அந்தோணியார் சிலை. உள் ஆன்டெனாவின் இரண்டு நுனியிலும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சுருட்டிச் செருகியிருப்பார்கள். படம் தெளிவாக வரும் என்று அந்த நாடு முழுக்க நம்பிக்கை. எனக்கு இயந்திரம் தெரியும் என்பதால் அதை எடுத்துவிட்டு ஒருநாள் ஒழுங்காகச் சரிசெய்தேன். படம் மோசமானது. மறுபடி நாரைச் செருகினோம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வர ஆரம்பிப்பார்கள். எதிர்வீட்டுத் தையற்காரி, மூலைக்கடை போர்த்துகீசியரின் மாமியார், வட கிழக்கு மாகாணங்களிலிருந்து வேலை தேடி ரயிலேறி வந்து பக்கத்துச் சந்தில் தங்கியிருந்த கட்டிடத் தொழிலாளிகள். பெட்டி இல்லாததால் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு அந்த மொழியில் ஒரு பெயரே உண்டு, 'டெலிவிசின்யு'. டிவியையும் அண்டை வீட்டாரையும் ஒட்டவைத்த சொல். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார்கள். சோளமாவு கேக், வறுத்த கடலை, இல்லையென்றால் தங்கள் நாற்காலி. செய்தி முடிந்ததும் எட்டு மணித் தொடர் ஆரம்பிக்கும். நம் சீரியல்களுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முடிவு உண்டு. ஏழெட்டு மாதத்தில் கதை முடிந்துவிடும். 1972-ல் 'செல்வா தெ பெத்ரா' ஓடியபோது இருபத்தைந்து பேர் அந்தக் கூடத்தில் இருந்தோம். எண்ணினேன். எனக்குப் போர்த்துகீசியம் வந்ததே கதாநாயகி ரெஜினா துவார்த்தே அழுததைக் கேட்டுத்தான். அதனால் முதல் ஒரு வருஷம் ஆலையில் நான் பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள், காதலில் தோற்றவன் மாதிரி பேசுகிறாய் என்று.

இதை வீட்டுக்குள் முடங்குவது என்று சொல்ல முடியுமா? அது இன்னொரு தியேட்டர்தான், டிக்கெட் இல்லாதது.

நான் போவதற்கு முந்தைய காலத்தில் இதைவிடப் பெரிய கூட்டம். 1964 கடைசியில் தொடங்கி 1965 ஆகஸ்ட் வரை துப்பியில் ஒரு கியூபா நாட்டுக் கதை ஓடியது. 'பிறப்புரிமை' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். முடிந்த அன்று நடிகர்களைப் பார்க்க இபிராபுவேரா விளையாட்டரங்கமே நிரம்பி வழிந்தது. வீட்டுக்கார அம்மாவும் தங்கையும் போய் வாசலோடு திரும்பினார்களாம், உள்ளே நுழைய முடியாமல். டிவி அவர்களை வீட்டைவிட்டு வெளியே கிளப்பியது!

டிவியும் தியேட்டரும் பங்காளிச் சண்டை போட்டதாக நாம் நினைக்கிறோம். அந்த ஊரில் இரண்டும் ஒரே சட்டியில் சாப்பிட்டன. பாரமவுண்ட் என்ற தியேட்டர் 1929-ல் திறந்தது, பிரேசிலில் பேசும் படம் முதலில் ஓடியது அங்கேதான். 1967-ல் ரெகார்ட் டிவி தன் பாட்டுப் போட்டியை நடத்தியதும் அதே கட்டிடத்தில், ஜனங்களை உட்காரவைத்து, நேரடியாக. செர்ஜியோ ரிகார்டோ என்ற பாடகரைப் பாடவிடாமல் கூச்சல் போட்டார்கள். அவர் கிதாரை உடைத்துக் கூட்டத்தின் மேல் எறிந்தார். அந்தக் கூச்சலில் தன் குரலும் உண்டு என்று எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஒரு கிளார்க் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஷக்ரின்யா என்ற கோமாளி வேஷக்கார நிகழ்ச்சித் தொகுப்பாளர் தன் பங்குக்கு, பார்க்க வந்தவர்கள் மேல் கருவாட்டை எறிவார். உப்புப்போட்ட முழு மீன்! பிடிக்க அடிதடி.

மசரோப்பியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சாவோ பாவுலோ கிராமத்து விவசாயி வேஷம். கணுக்காலுக்கு மேல் ஏறிய கால்சட்டை, ஆட்டி ஆட்டி நடக்கிற நடை, பட்டணத்தானை மடக்குகிற வெள்ளந்திப் பேச்சு. நம் என்.எஸ்.கே. ஒரு குடியானவராகவே கடைசிவரை நடித்திருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கூடாரமடித்து நாடகம் போட்டவர், பிறகு ரேடியோ, 1950-ல் துப்பி தொடங்கியதும் டிவி, 1952-ல் சினிமா. அப்புறம் சொந்தமாகவே கம்பெனி வைத்து வருஷத்துக்கு ஒரு படம். நகரத்தின் பிறந்தநாளான ஜனவரி 25-ஐ ஒட்டி ஆர்ட் பலாசியோவில் வெளியிடுவார். நம் ஊர் தீபாவளி ரிலீஸ் மாதிரி. எங்கள் ஆலையில் ஷிப்டு மாற்றிக்கொண்டு போவார்கள். படித்தவர்கள் அவர் படத்தை முகம் சுளித்துப் பேசுவார்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில் கையில் இயந்திர எண்ணெய்க் கறையோடு ஒரு மினாஸ் மாகாணத்துக்காரர், தன் அப்பாவைத் திரையில் பார்த்த மாதிரி சிரித்துக்கொண்டே அழுதார். 1981 ஜூனில் மசரோப்பி இறந்தார். டிவி அவரை அந்தத் திரையிலிருந்து விரட்டவில்லை, அதுதான் அவரைத் திரைக்கே அனுப்பியது.

சரி, பின்னே யார்தான் கொன்றது என்று கேட்பீர்கள்.

மேடை நாடகத்துக்குப் பதில் சுலபம். ராணுவ ஆட்சி. 1968 ஜூலையில் 'ரோடா விவா' நாடகம் நடந்துகொண்டிருந்த அரங்குக்குள் ஒரு குண்டர் கும்பல் புகுந்து நடிகர் நடிகைகளை அடித்து, செட்டை நொறுக்கியது. அந்த டிசம்பரில் வந்த அவசரச் சட்டத்துக்குப் பிறகு அரங்குகளின் தணிக்கை கழுத்தை நெரித்தது. நான் போன 1971-ல் அகுஸ்டோ போவால் என்ற பெரிய நாடகக்காரரைப் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்து நாட்டைவிட்டே போகவைத்தார்கள். அதனால் எனக்கு நல்ல நாடகம் பார்க்கக் கிடைத்ததே தாமதமாகத்தான். 1978-ல் அன்டூனெஸ் ஃபில்யோ போட்ட 'மக்குனைமா', நாலு மணி நேரம். மொழி பாதிதான் புரிந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

டிவியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இது நான் கண்ணால் கண்டது. 1975 ஆகஸ்ட் 27, புதன்கிழமை. 'ரோக்கி சான்டெய்ரோ' என்ற புதுத் தொடர் அன்று ஆரம்பம். எழுதியவர் டியாஸ் கோமெஸ். சாமி சிலை செய்கிற ஒருவன் கொள்ளைக்காரர்களிடமிருந்து ஊரைக் காப்பாற்றச் செத்தான் என்று நம்பி, அவனைத் தெய்வமாக்கி, அந்தப் பெயரில் பிழைக்கிறது ஒரு ஊர். அவன் உயிரோடு திரும்பி வருகிறான். பல நாளாக விளம்பரம் வந்துகொண்டிருந்தது. கூடத்தில் இடம் இல்லை, இரண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே. செய்தி வாசிக்கிற சிட் மொரெய்ரா செய்திகளோடு ஒரு அறிக்கையையும் வாசித்தார். தொடர் தணிக்கையில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் பழைய தொடரையே சுருக்கி மறுபடி போட்டார்கள்.

யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் வாய் ஓயாத தையற்காரிகூட. ஒருவர் எழுந்து சத்தத்தைக் குறைத்தார், ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இருபது பேர் இருக்கிற கூடத்தில் யார் யாரிடம் போய்ச் சொல்வார்கள் என்று தெரியாது என்று அடுத்தநாள் அந்தக் கிளார்க் காதோடு சொன்னார். வீட்டுக்கார அம்மா கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

சினிமா தியேட்டர் கதை வேறு. அதைக் கொன்றது சாலை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜப்பானியர் பேட்டையில் நிதெரோய் தியேட்டர் இருந்த கட்டிடத்தை 1968-ல் கிழக்கு மேற்காகப் போகும் பெரிய சாலைக்காக இடித்தார்கள். பக்கத்தில் வேறு இடம் பார்த்து 1988 வரை நடத்தினார்கள். எங்கள் ஆலை மேஸ்திரி ஜப்பானிய வம்சம், அவரோடு போய்ச் சாமுராய் படங்கள் பார்த்தது அந்த இரண்டாவது இடத்தில்தான். 1971-ல், சாவோ ஜோவாவோ சாலையின் மேற்குப் பகுதி மேலேயே, வீட்டு மாடி ஜன்னல்களை உரசுகிற மாதிரி மூன்றரைக் கிலோமீட்டர் மேம்பாலத்தைத் திறந்தார்கள். ஜனங்கள் வைத்த பெயர் 'பெரிய மண்புழு'. கார் வைத்திருந்தவர்கள் ஊர் நடுவைவிட்டு வேறு பேட்டைகளுக்குக் குடிபோனார்கள். அவர்களுக்குக் கடைவளாகம் வந்தது, கார் நிறுத்த இடத்தோடு. கார் இல்லாதவர்களை ஊர் ஓரத்துக்குத் தள்ளினார்கள்.

எங்கள் பிராஸிலும் அதுதான் நடந்தது. கிழக்கு மேற்கு மெட்ரோ ரயில் பாதைக்காகத் தெருத் தெருவாக வீடுகளை எடுத்தார்கள். எங்கள் வீடும் போனது, 1977-ல். ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த ரயிலில் நானும்தான் போனேன். ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த இருபத்தைந்து பேரும் இருபத்தைந்து திசைக்குப் போனார்கள். தையற்காரி போன இடத்திலிருந்து ஊர் நடுவுக்கு வர இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம். ராத்திரிக் காட்சி முடிந்து அவர் எப்படித் திரும்புவார்? பஸ் கட்டணம் டிக்கெட்டைவிடக் கனம். அப்புறம் விலைவாசி, திருட்டு பயம். பார்க்கக் குடும்பங்கள் வராததால் தியேட்டர்காரர்கள் ஆபாசப் படம் போட்டார்கள், அதைப் போட்டதால் மிச்சக் குடும்பங்களும் வரவில்லை.

டிவிக்குப் பங்கே இல்லை என்று சாதிக்க வரவில்லை. எட்டு மணித் தொடரால் பேட்டைத் தியேட்டர்களின் சாயங்காலக் காட்சி அடிவாங்கியது நிஜம். பிறகு வீடியோ கேசட் வந்து ஜப்பானியத் தியேட்டர்களை முடித்ததும் நிஜம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அந்த முதல் டிவி நிலையமான துப்பியே கடனில் மூழ்கி 1980 ஜூலையில் மூடப்பட்டது. அது கொன்றதாகச் சொல்லப்படுகிற இபிரங்கா தியேட்டர் 2005 வரை படம் ஓட்டியது. செத்தவன் யார், கொன்றவன் யார்?

இதையெல்லாம் எதற்கு இத்தனை நீட்டிச் சொல்கிறேன் என்றால், பழியை டிவி மேல் போட்டுவிட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். சாலைக்குக் கோடு கிழித்தவர், கடைசி பஸ்ஸை நிறுத்தியவர், தெருவிளக்கு போடாதவர் யாரையும் நாம் கேட்பதில்லை. அதே சாவோ பாவுலோவில் பெலாஸ் ஆர்ட்டெஸ் என்ற தியேட்டர் 2011-ல் மூடியபோது ஜனங்கள் வீட்டில் டிவி இருக்கிறது என்று சும்மா இருக்கவில்லை. தெருவில் இறங்கிக் கேட்டார்கள். 2014-ல் திறந்தது.

நான் 1984-ல் ஊர் திரும்பினேன். 'ரோக்கி சான்டெய்ரோ' தடை நீங்கி, புதிதாகப் படமாக்கி, 1985 ஜூன் 24-ல் ஒளிபரப்பானது. பத்து வருஷம் காத்திருந்து ஒரு வருஷத்தில் தவறவிட்டேன். ஆகஸ்டில் வீட்டுக்கார அம்மாவின் கடிதம் வந்தது. அப்போது அவர் ஊரின் கிழக்குக் கோடியில், இடகேரா குடியிருப்பில், மகளோடு இருந்தார். இரண்டு பக்கம் முழுக்கக் கதை. ஊர்க்காரர்கள் செய்யும் தந்திரம், மேயர், பாதிரியார் எல்லாம் விவரமாக, நான் பார்க்க முடியாதே என்று. கடைசியில் நாலு வரி. மகள் வேலையிலிருந்து பஸ் பிடித்து வர ஒன்பதரை ஆகிறது, அதனால் தனியாகத்தான் பார்க்கிறேன் மகனே என்று எழுதியிருந்தார். பக்கத்து வீட்டிலும் அதையேதான் பார்க்கிறார்கள் போலிருக்கிறது, ஆரம்பப் பாட்டு சுவர் வழியாகக் கேட்கிறது, அவர்கள் பேர்தான் இன்னும் தெரியாது என்றும்.